பழைய கணினியும் 2038ஆம் ஆண்டும்: சின்ன அலுவலகங்களுக்கு ஒரு வழிகாட்டி

2023 ஜூலையில் எங்கள் வீட்டுக் கடன் சங்கத்தில் ஒரு உறுப்பினருக்கு 15 வருடக் கடன் கொடுத்தோம். 180 தவணை, ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி. ஆகஸ்ட்டில் முதல் தவணை கட்ட வந்தவரிடம், "ஏற்கெனவே ஆறு தவணை பாக்கி இருக்கிறது, அபராத வட்டியும் சேர்ந்திருக்கிறது" என்று கவுண்டரில் சொல்லிவிட்டார்கள். அவர் பதறிப்போய் என்னிடம் வந்தார். கையிலிருந்த தவணை அட்டவணையை வாங்கிப் பார்த்தேன். 174ஆம் தவணை 10-01-2038. அதற்குக் கீழே 175 முதல் 180 வரை ஆறு வரியிலும் ஒரே தேதி: 01-01-1970.

நாங்களே அச்சடித்து, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் அது. பின்னோக்கித் தேடினால், 2023 மார்ச்சில் தவணை தொடங்கிய கடனிலேயே கடைசி வரி தவறாக இருந்தது. காட்டிய பாக்கியைக் கவுண்டரில் இருந்தவர்கள் "சிஸ்டம் தப்பு" என்று கையால் தள்ளுபடி செய்துகொண்டே வந்திருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். பழைய சிஸ்டம்கள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் ஓடிய வினாடிகளின் எண்ணிக்கையாக வைத்திருக்கின்றன. அந்த எண்ணுக்கு 32 பிட் (0 அல்லது 1 என்ற 32 இலக்கம்) இடம்தான் ஒதுக்கியிருந்தால், பிளஸ், மைனஸ் குறிக்கு ஒரு பிட் போக, அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647. அந்த வினாடி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு வருகிறது. அதற்கு மேல் இடம் இல்லை. 64 பிட் இடம் கொடுத்துவிட்டால் இந்தக் கவலை இல்லை. ஆனால் எந்தெந்த மூலையில் 32 பிட் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

எனக்கு இது ஐந்து மாதம் பிடித்தது. அதில் இரண்டு மாதம் வரிசை தெரியாமல் செய்ததில் போனது. உங்களுக்கு அந்த இரண்டு மாதமாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1. உங்கள் கெடு எது என்று கணக்குப் போடுங்கள்

"2038க்கு இன்னும் காலம் இருக்கிறதே" என்று எங்கள் கமிட்டியிலும் சொன்னார்கள். கணினி 2038 வரை காத்திருப்பதில்லை. 2038க்குப் பிந்தைய ஒரு தேதியை நீங்கள் எழுதச் சொல்லும் நாளிலேயே தடுமாறிவிடும். அதனால் உங்கள் சாஃப்ட்வேர் எத்தனை வருடம் முன்னோக்கிப் பார்க்கிறது என்று பாருங்கள். அதை 2038இலிருந்து கழியுங்கள். அதுதான் உங்கள் கெடு. 20 வருடக் கடன் கொடுப்பவர்களுக்கு 2018, 15 வருடம் என்றால் 2023, 10 வருட டெபாசிட் வாங்குபவர்களுக்கு 2028. குத்தகை முடிவு, ஊழியர் ஓய்வு பெறும் தேதி, காப்பீட்டு முதிர்வு எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

கெடு ஏற்கெனவே தாண்டிவிட்டதா? அப்படியானால் வேறு எதையும் தொடும் முன், இருக்கும் பதிவுகளில் இந்தத் தேதிகளைத் தேடுங்கள்:

01-01-1970 (நேரத்தோடு காட்டினால் காலை 5.30). "இந்தத் தேதியை என்னால் கணக்கிட முடியவில்லை" என்று உள்ளே ஒரு நிரல் கைவிட்டதன் அடையாளம். எங்களுக்கு வந்தது இதுதான்.

13 அல்லது 14 டிசம்பர் 1901. எண் நிரம்பி மைனஸ் பக்கம் புரண்டுவிட்டது என்று அர்த்தம். உலகப் பொது நேரப்படி 13ஆம் தேதி இரவு 8.45.52. நம் நேரத்துக்கு 5.30 மணி கூட்டினால் 14ஆம் தேதி அதிகாலை 2.15.52 வர வேண்டும், ஆனால் லினக்ஸ் இயங்குதளத்தில் பெரும்பாலும் 2.07.02 என்று காட்டும். குழம்ப வேண்டாம், அது வேறு கோளாறு இல்லை. 1901இல் இன்றைய இந்திய நேரம் இல்லை. கணினியின் நேர மண்டலப் பட்டியல் அந்தக் காலத்துக்கு 5 மணி 21 நிமிடம் 10 வினாடி கொண்ட மெட்ராஸ் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. நான் இதற்காகவே ஒரு முழு நாள் செலவழித்தேன்.

0000-00-00. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் தன் வரம்புக்கு வெளியே வந்த தேதியைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டது.

1930 முதல் 1938 வரையான தேதிகள். இதற்குக் காரணம் வேறு. எக்ஸெலில் வருடத்தை இரண்டு இலக்கமாக அடித்தால், வெகுகாலமாக இருந்த விதிப்படி 29 வரை 2000களாகவும், 30 முதல் 1900களாகவும் எடுத்துக்கொள்ளும். '10/2/38' என்று அடித்தால் 1938. இந்த எல்லை விண்டோஸின் ரீஜியன் அமைப்பில் இருக்கிறது, மெஷினுக்கு மெஷின் மாறலாம். நான்கு இலக்கமாகவே அடிக்கச் சொல்லி இன்றைக்கே எல்லாரையும் பழக்குங்கள். செலவில்லாத திருத்தம் இது ஒன்றுதான்.

2. பட்டியல் எடுங்கள்

ஒரு நீள நோட்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்தைச் சுற்றி வாருங்கள். சர்வர், மேசைக் கணினிகள், கைரேகை வருகைப் பதிவு மெஷின், சிசிடிவி டிவிஆர், பில் மெஷின், ரவுட்டர், டோக்கன் மெஷின் என்று தேதி காட்டும் எதையும் விடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் வாங்கிய வருடம், உள்ளே ஓடும் இயங்குதளம், 32 பிட்டா 64 பிட்டா, யார் பராமரிக்கிறார்கள், அது நின்றால் எந்த வேலை நிற்கும் என்று ஐந்து கட்டம் போதும். எனக்கு மூன்று வாரம் ஆனது. பாதி நேரம் பாஸ்வேர்ட் தேடுவதிலேயே போனது.

லினக்ஸ் மெஷினில் 'யூநேம் -எம்' (uname -m) கட்டளை கொடுத்தால் எக்ஸ்86_64 (x86_64) என்று வர வேண்டும். ஐ686 (i686) என்று வந்தால் 32 பிட். ஒரு பொறி இருக்கிறது: இயங்குதளம் 64 பிட்டாக இருந்தும் அதில் ஓடும் சாஃப்ட்வேர் 32 பிட்டாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். விண்டோஸின் சொந்தக் கடிகாரத்துக்கு இந்த வரம்பு இல்லை. ஆனால் அதில் ஓடும் பழைய சி மொழி நிரல்களுக்கு இருக்கலாம்.

3. காகிதங்களைச் சேருங்கள்

நிரலாளரைத் தேடிப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை: சாஃப்ட்வேர் வாங்கிய பில், ஒப்பந்தம், கடைசி ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) ரசீது, லைசென்ஸ் எண் (டாங்கிள், அதாவது கணினியில் செருகும் லைசென்ஸ் சாவி, இருந்தால் அதுவும்), டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், மூல நிரல் இருக்கும் சிடி அல்லது பென்டிரைவ். மூல நிரல் யாருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். எங்களுக்கு எழுதிக் கொடுத்தவர் தொழிலையே விட்டுவிட்டார். நல்லவேளையாக பிஎச்பி மொழியில் எழுதியது என்பதால் நிரல் சர்வரிலேயே படிக்கும்படி இருந்தது.

பராமரிப்பவர் இன்னும் தொழிலில் இருந்தால் அவருக்குக் கடிதமாகவே எழுதுங்கள். "2038 பிரச்சினை இருக்கிறதா?" என்று போனில் கேட்டால் "அதெல்லாம் ஒன்றும் இல்லை சார்" என்று பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: இந்தப் பதிப்பு எந்தத் தேதி வரை சரியாக இயங்கும்? தேதிகள் எந்த வகைக் கட்டத்தில் சேமிக்கப்படுகின்றன? 20-02-2038 தேதியிட்டு ஒரு பதிவு போட்டு அதன் அச்சுப் பிரதியை அனுப்ப முடியுமா? திருத்தம் ஏஎம்சிக்குள் வருமா, தனிக் கட்டணமா? கடைசிக் கேள்வியை ஏஎம்சி புதுப்பிக்கும் முன் கேட்பது முக்கியம். புதுப்பித்துப் பணம் கட்டிய பிறகு கேட்டால் பேரம் பேச இடமிருக்காது.

4. நகல் மெஷின் ஒன்றை அமையுங்கள்

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் எதையும் சோதிக்காதீர்கள், தேதியை ஒரு நிமிடம் கூட மாற்றாதீர்கள். முழு பேக்அப் எடுத்து, அதை வேறொரு மெஷினில் ஏற்றிப் பாருங்கள். அங்கே ஏறி ஓடினால்தான் அது பேக்அப். எங்களிடம் இருந்த மூன்று பேக்அப்பில் ஒன்று திறக்கவே இல்லை. பழைய டெஸ்க்டாப் ஒன்று 14,000 ரூபாய்க்குக் கிடைத்தது, தனி வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று 5,000.

5. சோதனை: முதலில் பதிவின் தேதி, பிறகு கடிகாரம்

நகல் மெஷினில் கடிகாரத்தை இன்றைய தேதியிலேயே விட்டுவிட்டு, எதிர்காலத் தேதியிட்ட பதிவுகளைப் போடுங்கள். முதிர்வுத் தேதி 18-01-2038 உள்ள ஒன்று, 20-01-2038 உள்ள ஒன்று, 29-02-2040 உள்ள ஒன்று. சேமித்து, மூடித் திறந்து, அச்சடித்துப் பாருங்கள். தேதி வாரியாக வரிசைப்படுத்தும் அறிக்கைகளையும் எடுங்கள். திரையில் சரியாகவும் தாளில் தவறாகவும் வந்தது எனக்கு இரண்டு இடத்தில்.

அப்புறம்தான் கடிகாரம். அதைத் தொடும் முன் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள். பேக்அப் டிஸ்க்கைக் கழற்றுங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இரண்டையும் கழற்றவில்லை.

கடிகாரத்தை 2038க்குத் தள்ளியதும் சாஃப்ட்வேரின் பார்வையில் எல்லா உறுப்பினர்களும் பல வருடம் தவணை கட்டாதவர்கள் ஆகிவிட்டார்கள். நகல் மெஷினில் எஸ்எம்எஸ் அனுப்பும் பகுதியும் உயிரோடு இருந்தது. நான் கவனித்துக் கேபிளைப் பிடுங்குவதற்குள் 40 பேருக்குப் பாக்கி நோட்டீஸ் போய்விட்டது. மறுநாள் முழுக்க ஒவ்வொருவருக்கும் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அதே இரவில், 30 நாளுக்கு மேற்பட்ட பேக்அப்பை அழிக்கும் தானியங்கி வேலையும் ஓடியது. 2038இல் இருந்து பார்த்தால் டிஸ்க்கில் இருந்த எல்லாமே பழையது. மொத்தமும் அழிந்தது. ஒரு பிரதி பீரோவில் தனியாக இருந்ததால் தப்பித்தோம்.

இதோடு, நெட் இணைப்பு இருந்தால் கணினி தானாகவே நேரத்தைத் திருத்திக்கொண்டு விடும், சோதனை நடந்ததாக நினைத்து ஏமாறுவீர்கள். விர்ச்சுவல் மெஷினில் (ஒரு கணினிக்குள் சாஃப்ட்வேராகவே ஓடும் இன்னொரு கணினி) சோதித்தால் தாய் மெஷினோடு நேரம் ஒத்துப்போகும் வசதியையும் அணைக்க வேண்டும். லைசென்ஸ் காலாவதி, பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி என்று வரும் பிழைகளைத் தனியாகக் குறித்து வையுங்கள். அவை தேதியைத் தள்ளியதால் வருபவை, 32 பிட் கோளாறு அல்ல.

எந்தெந்தத் தேதிக்குத் தள்ள வேண்டும்? 2036 பிப்ரவரி 7 காலை 11.58க்கு முன்பாக ஒரு முறை. நெட்வொர்க் வழியே நேரம் வாங்கும் என்டிபி முறையின் 32 பிட் எண் அன்று 11.58.16க்குச் சுழன்று பூஜ்ஜியமாகிறது. பிறகு 2038 ஜனவரி 19 காலை 8.40. அப்படியே ஓடவிட்டு 8.44.07ஐத் தாண்டவிடுங்கள், பிறகு மெஷினை அணைத்து மறுபடி போடுங்கள். தாண்டும்போது நிற்காத மெஷின் மறுபடி போடும்போது எழாமல் போகலாம். கடைசியாக 2038 மார்ச் 31க்குப் போய் 2037–38 நிதியாண்டுக் கணக்கை மூடிப் பாருங்கள்.

6. டேட்டாபேஸைத் திருத்துதல்

மைஎஸ்க்யூஎல்லில் 'டைம்ஸ்டாம்ப்' வகைக் கட்டம் 2038 ஜனவரி 19 வரைதான் தாங்கும். 'டேட்டைம்' வகை 9999ஆம் ஆண்டு வரை தாங்கும். மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபி டேட்டாபேஸில் 11.5 பதிப்பிலிருந்து 64 பிட் மெஷின்களில் டைம்ஸ்டாம்ப்பின் எல்லை 2106க்கு நீண்டிருக்கிறது. ஆனால் பழைய சர்வரில் உள்ளவர்களுக்கு அது எட்டாத பதிப்பு. முதலில் எல்லா டேபிளிலும் எந்தெந்தக் கட்டம் டைம்ஸ்டாம்ப் என்று டேட்டாபேஸின் சொந்த விவரப் பட்டியலிலிருந்தே எடுங்கள். எங்களிடம் 61 இருந்தன.

இதற்கு அகப்படாதவை இன்னும் ஆபத்து. சில நிரலாளர்கள் வினாடி எண்ணிக்கையைச் சாதாரண 'இன்ட்' (32 பிட் எண்) கட்டத்தில் எண்ணாகவே போட்டு வைத்திருப்பார்கள். பெயரைப் பார்த்துத் தெரியாது. மதிப்பைப் பாருங்கள்: 1 என்று தொடங்கும் பத்து இலக்க எண் வரிசையாக இருந்தால் பெரும்பாலும் அது தேதிதான் (170 கோடி என்பது நம் நேரப்படி 2023 நவம்பர் 15 அதிகாலை). அதை 'பிக்இன்ட்' (64 பிட் எண்) ஆக்க வேண்டும். 'இன்ட் 11' என்று எழுதியிருப்பதைப் பார்த்து 11 இலக்கம் தாங்கும் என்று நினைக்காதீர்கள், அந்த 11 காட்சி அகலம் மட்டுமே.

"எப்போதும் முடியாதது" என்பதைக் குறிக்க 31-12-2037 என்றோ 2147483647 என்றோ போட்டு வைத்திருக்கும் பதிவுகளையும் தேடுங்கள். நிரந்தர உறுப்பினர்கள் பலருக்கு எங்கள் சாஃப்ட்வேர் அப்படித்தான் முடிவுத் தேதி வைத்திருந்தது.

மாற்றும்போது இரண்டு பொறிகள். ஒன்று, டைம்ஸ்டாம்ப் உலகப் பொது நேரத்தில் சேமித்து, காட்டும்போது உள்ளூர் நேரமாக மாற்றும். டேட்டைம் எழுதியதை எழுதியபடி வைத்திருக்கும். மாற்றும் கட்டளையைக் கொடுக்கும் இணைப்பில் நேர மண்டலம் +05:30 என்று முதலில் அமைக்காவிட்டால் எல்லா நேரமும் ஐந்தரை மணி பின்னால் போய் உறைந்துவிடலாம். அதிகாலை 5.30க்கு முன் விழுந்த பதிவுகளுக்குத் தேதியே முந்தைய நாளாகிவிடும். இரண்டு, மைஎஸ்க்யூஎல் 5.6.5க்கு முந்தைய பதிப்புகளில் டேட்டைம் கட்டத்துக்கு நடப்பு நேரம் தானாக விழாது. "கடைசியாகத் திருத்திய நேரம்" காலியாகவே போகும், தணிக்கையில் கேள்வி வரும். முதலில் டேட்டாபேஸ் பதிப்பை ஏற்றிவிட்டுப் பிறகு கட்டங்களை மாற்றுங்கள்.

கட்டத்தை மாற்றினால் மட்டும் போதாது. மேலே ஓடும் பிஎச்பி 32 பிட்டாக இருந்தால் 2038க்குப் பிந்தைய தேதியைக் கணக்கிட முடியாமல் மறுபடியும் 01-01-1970 என்றே எழுதும். விண்டோஸில் பிஎச்பி 7க்கு முன்னால் 64 பிட் பதிப்பிலும் முழு எண்கள் 32 பிட்டாகவே இருந்தன.

7. இயங்குதளமும் ஹார்ட் டிஸ்க்கும்

முடிந்தால் 64 பிட்டுக்கு மாறிவிடுங்கள், சுருக்கமான பதில் இதுதான். 32 பிட்டிலேயே இருக்க வேண்டிய கட்டாயம் என்றால் லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 5.6 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும், அதோடு சாஃப்ட்வேரையும் 64 பிட் நேரத்தோடு மறுபடி தொகுக்க வேண்டும். டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பில் 32 பிட் ஆர்ம் சிப் உள்ள சாதனங்களுக்கு இதைச் செய்துவிட்டார்கள். பழைய 32 பிட் இன்டெல் வகைக்கு வேண்டுமென்றே செய்யாமல் விட்டிருக்கிறார்கள், பழைய நிரல்கள் உடையக் கூடாது என்பதற்காக.

டிஸ்க்கில் கோப்புகளின் தேதிக்கும் வரம்பு உண்டு. லினக்ஸ் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறைகளான எக்ஸ்டி3, எக்ஸ்டி4 வகையில் 'ஐநோட்' (ஒவ்வொரு கோப்பின் விவரமும் இருக்கும் இடம்) அளவு 128 என்றிருந்தால் 2038 வரை. எக்ஸ்டி4இல் 256 என்றால் 2446 வரை. பெரிய பகுதிகள் சரியாக இருந்தும் கணினி எழும்போது படிக்கும் சின்ன 'பூட்' பகுதி மட்டும் 128இல் இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு வகையில், தேதி வரம்பை நீட்டும் 'பிக்டைம்' வசதி இயங்குகிறதா என்று பாருங்கள்.

8. சின்னப் பெட்டிகள்

டிவிஆர், கைரேகை மெஷின் போன்றவற்றின் உள்ளே பெரும்பாலும் 32 பிட் லினக்ஸ்தான். திறந்து திருத்த முடியாது. தேதி மெனுவில் வருடத்தை ஏற்றிப் பாருங்கள். 2037க்கு மேல் போகவில்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது. இவற்றுக்காக இப்போது பணம் செலவழிக்க வேண்டாம், எப்படியும் 2038க்குள் பழுதாகி மாற்றுவீர்கள். மாற்றும்போது கடைக்காரர் முன்னாலேயே 2039 என்று வைத்துப் பார்த்து வாங்குங்கள். ஜிபிஎஸ் வழியே நேரம் எடுக்கும் கருவி இருந்தால் இன்னொரு தேதியும் உண்டு: அதன் 10 பிட் வார எண் உலகப் பொது நேரப்படி 2038 நவம்பர் 20 நள்ளிரவில் மறுபடி பூஜ்ஜியமாகிறது.

9. செலவும் நேரமும்

எங்களுக்கு நகல் மெஷின், டிஸ்க், புதிய 64 பிட் சர்வர், நிரலாளரின் 22 நாள் கூலி எல்லாம் சேர்த்து 1,70,000 ரூபாய் ஆனது. நாள் கணக்கில் பேசாமல் வேலைக் கணக்கில் பேசியிருந்தால் குறைந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. கமிட்டியில் பணம் கேட்கப் போகும்போது விளக்கம் எதுவும் வேண்டாம், தவறான தேதி அச்சான ஒரு தாளைக் கொண்டு போங்கள். தீர்மானத்தில் தொகையோடு "பழைய சர்வரை ஒரு வருடம் அப்படியே வைத்திருக்க வேண்டும்" என்றும் எழுதி வாங்குங்கள்.

மார்ச், ஏப்ரலில் இந்த வேலையை எடுக்காதீர்கள். காலாண்டு வட்டி போடும் வாரத்திலும் வேண்டாம். தணிக்கை முடிந்த பிறகு, இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வரும் ஒரு வாரத்தில் மாற்றுங்கள். டேட்டாபேஸ் கட்டங்களை மாற்றும்போது டேபிள் பூட்டிக்கொள்ளும், யாராலும் பதிவு போட முடியாது. எங்களுடைய மிகப் பெரிய டேபிளுக்கு இரண்டரை மணி நேரம் எடுத்தது.

10. ஏற்கெனவே வெளியே போன தாள்கள்

சிஸ்டம் சரியானதும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தவறான தேதியோடு தாள் வாங்கிப் போன உறுப்பினர்களின் பட்டியலை எடுங்கள். திருத்திய அட்டவணையை அச்சடித்து, அதில் "இன்ன தேதியிட்ட அட்டவணைக்குப் பதிலாக" என்று குறிப்பிட்டு, பழையதைத் திரும்ப வாங்கி ரத்து முத்திரை குத்திக் கோப்பில் வையுங்கள். தவறாகப் போட்ட அபராத வட்டியைக் கையால் தள்ளுபடி செய்திருந்தால், அந்தத் தள்ளுபடிக்கும் சேர்த்துத் திருத்தப் பதிவு போட வேண்டும். இல்லையென்றால் வருமானக் கணக்கு பொருந்தாது. எங்களுக்கு இப்படி 23 கணக்குகள். 22 பேர் வந்து வாங்கிப் போய்விட்டார்கள். ஒருவர் வெளியூரில் இருந்ததால் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைக் கோப்பில் சேர்த்தேன்.